விட்பியில் ஒழுகிய கார்

ரேமண்ட் டிரான்டரின் காரிலிருந்து ஒழுகிய ஆயில் காருக்கு அடியில் விழவில்லை. இருநூறு மைல் தள்ளி, விட்பி என்ற கடற்கரை ஊரில், அவர் மகள் ஜில்லியனின் சமையலறைத் தரையில் விழுந்தது. எண்பத்தேழாம் வருடம் நவம்பரில் இது தொடங்கியது. அடுப்புக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவே, ஒரு கீறல்கூட இல்லாத வெள்ளைக் கூரையிலிருந்து, நாளுக்கு நாலைந்து சொட்டு. முதல் வாரம் ஜில்லியன் துணியால் துடைத்தாள். அடுத்த வாரம் குழாய் ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டாள். அவர் மாடித் தரையின் பலகையைப் பெயர்த்துப் பார்த்தார், விரலில் தொட்டு முகர்ந்தார், இது தண்ணீர்க் குழாய் சமாச்சாரமே இல்லை, பழைய கார்களுக்கு ஊற்றும் கெட்டி ஆயில், அதுவும் நல்ல ரகம் என்று சொல்லிவிட்டு, கூலி வாங்காமல் டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு ஜில்லியன் ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வாட்டும் தகரத் தட்டு ஒன்றை அந்த இடத்தில் வைத்தாள். அவள் அங்கே தங்கும் விடுதி நடத்தினாள். காலையில் முட்டையும் பன்றி இறைச்சியும் சாப்பிட வரும் விருந்தாளிகள் தட்டைத் தாண்டிக் கால் வைக்கப் பழகிக்கொண்டார்கள். மீன்பிடிக்கிற ஊர்க்காரர்களுக்கு, எங்கோ இருப்பது இங்கே ஒழுகுவதில் பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை.

கார் இருந்தது எங்கள் பெர்ஷோரில், பிளம் தோப்புகள் முடிகிற தெருவில், நாங்கள் ரே என்று கூப்பிடும் ரேமண்டின் கராஜில். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடக்கித் திறக்கிற, அறுபத்தைந்தாம் வருடத்துப் பச்சை நிறக் கார். ரே ஜாம் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். தொடங்கிய வேலையை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். கல்யாண விருந்துக்குக் கிளம்பும்போது வாசற்கதவின் கீல் கிறீச்சிட்டால், கதவைக் கழற்றி, கீலைச் சுத்தம் செய்து, மாட்டிவிட்டுத்தான் போவார், கேக் வெட்டி முடித்திருப்பார்கள். காரின் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். அவர் மனைவி பெரில் அந்தக் காரை அவருடைய சின்ன வீடு என்றுதான் சொல்வாள். "போ, போ, உன் சின்ன வீடு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்குது, போய் சமாதானப்படுத்து" என்று சனிக்கிழமைதோறும் அவரைச் சமையலறையிலிருந்து துரத்துவாள். ஆனால் அந்தச் சின்ன வீட்டின் பராமரிப்பில் அவளுக்கும் ஒரு பங்கு இருந்தது.

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. குளிர்காலத்துக்குக் காரை உள்ளே நிறுத்துமுன், அக்டோபரில், ரே பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றுவார். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அடியிலிருக்கும் திருகைக் கழற்றிவிட்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் வடிய விட்டுக் காத்திருப்பார். பிறகு ஃபில்டர். அந்தக் காலத்து ஃபில்டர் ஒரு தகரக் குவளைக்குள் இருக்கும், குவளையின் வாய் இன்ஜினில் ஒரு பள்ளத்துக்குள் போய் உட்காரும், பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம். பழைய வளையம் கறுப்பு, பள்ளமும் கறுப்பு. அதைத் தோண்டி எடுக்க மறந்து அதன் மேலேயே புது வளையத்தை வைத்துப் பூட்டினால், இன்ஜினைக் கிளப்பியதும் ஆயில் மொத்தமும் தரைக்கு வந்துவிடும். பழைய கார் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் வாழ்க்கையில் ஒருமுறையாவது செய்கிற தவறு அது. ரே மட்டும் செய்ததில்லை. காரணம், குவளையைக் கழற்றியதும் அவர் "பெரில்!" என்று ஒரு குரல் கொடுப்பார், அவள் வந்து தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவிக் கொடுப்பாள், அவர் அந்த ஊசியால் பழைய வளையத்தைத் தோண்டி எடுப்பார். கராஜில் ஒரு சுவர் நிறைய கருவிகள் தொங்கின. ஆனாலும் அந்த வேலைக்குக் கொண்டை ஊசிதான்.

எண்பத்தேழாம் வருடம் அக்டோபரில் பெரில் நெஞ்சுச் சளிக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். தேறிவிட்டாள், திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் திரும்பி வரும்போது கார் தயாராக இருக்கட்டும் என்று ரே சனிக்கிழமை காலையில் ஆயிலை இறக்கினார். கார் காலியாக, கடைசிச் சொட்டை விட்டுக்கொண்டு நிற்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. அம்மாவைப் பார்க்க விட்பியிலிருந்து வந்திருந்த ஜில்லியன்.

"அப்பா, அம்மா உங்களைக் கேக்கறாங்க. உடனே வாங்க."

"இதோ வந்துட்டேம்மா" என்றார் ரே. அவர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. டாக்ஸிக்குச் சொல்லியிருக்கலாம், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். அரைகுறையாகக் கிடக்கிற வேலையை விட்டுவிட்டு வாசலைத் தாண்டலாம் என்பது அவர் புத்தியில் உதிக்கவே இல்லை. பரபரவென்று திருகைப் பூட்டினார், ஃபில்டரை மாற்றினார், ஆயிலை ஊற்றினார், இன்ஜினைக் கிளப்பினார். ஊசி கொடுக்க ஆள் இல்லாததால் பழைய வளையம் பள்ளத்திலேயே இருந்தது. கராஜ் முழுக்க ஆயில். அப்போதாவது அந்த மனிதர் ஓடியிருக்க வேண்டும். அவர் குவளையை மறுபடி கழற்றினார். இந்தத் தடவை ஸ்க்ரூ டிரைவரால் வளையத்தைத் தோண்டி எடுத்து, புது வளையத்தை ஆயிலில் நனைத்து, ஒழுங்காக உட்கார வைத்து, மீதமிருந்த டின்னை ஊற்றி, கை கழுவாமல் ஓட்டிக்கொண்டு போனார். வார்டில் தேநீர் வண்டி சுற்றி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. பெரிலுக்கென்று ஊற்றி வைத்த டீ அவள் தலைமாட்டில் ஆறிப்போயிருந்தது. பெரிலும்தான்.

ஜில்லியன் அப்பாவின் கைகளைப் பார்த்தாள். அழவில்லை. "உங்க கார் கடைசிச் சொட்டு வடியிற வரைக்கும் காத்திருந்தீங்க இல்ல? அம்மாவுக்குத்தான் காத்திருக்கத் தெரியல, பாவம்" என்றாள். அடக்கம் முடிந்து சாண்ட்விச் தட்டுகளைக் கழுவி அடுக்கிய பிறகு, "இனிமே எனக்கு ஃபோன் பண்ணாதீங்கப்பா. செத்தாலும் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு வடக்கே போனாள். அவள் சொன்னது அநியாயம் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லவில்லை. ரேயும் சொல்லவில்லை.

அதோடு கார் வீட்டில் ஒழுகுவதை நிறுத்தியது. அந்த மாதிரிக் கார் ஒழுகவில்லை என்றால் உள்ளே ஆயில் இல்லை என்று அர்த்தம் என்பது எங்கள் கிளப்பின் பழைய நகைச்சுவை. கிளப் என்பது வியாழக்கிழமை மாலைகளில் 'பிளம் மரம்' மதுக்கடையில் கூடுகிற பழைய கார்க்காரர்கள் கூட்டம். எல்லாக் கார்களும் போன பிறகு அந்த வாசலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கறுப்பு வட்டம் கிடக்கும், ரே நிறுத்திய இடம் மட்டும் துடைத்துவிட்டாற்போல இருக்கும். காய்கறிக் கடைக்காரரான ட்ரெவர் லுக்காக் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்ப்பார். "யோவ் ரே, என்னய்யா மாயம் பண்ற? டயப்பர் கட்டி விட்டிருக்கியா?" என்பார். ரே சிரித்துவைப்பார். அவருக்கும் புரியவில்லை. அளவுகோலை உருவிப் பார்த்தால் ஆயில் குறைந்திருக்கும், ஊற்ற வேண்டியிருக்கும். தரையோ காய்ந்து கிடக்கும். எங்கே போகிறது? புகையும் இல்லை. இரண்டு வருடம் அவர் இந்தக் கேள்வியோடு தூங்கினார்.

விடை சொன்னவள் பெரிலின் தங்கை டோரீன். இரண்டு பக்கமும் போக்குவரத்து வைத்திருந்த ஒரே ஆள். ஈஸ்டருக்கு விட்பி போய் வந்தவள் நேராக ரேயின் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"ரே, உன் காரோட ஆயில் ஜில்லி வீட்ல கொட்டுது."

"என்ன உளர்ற?"

"கண்ணால பாத்தேன். தட்டு வச்சிருக்கா. என்னடி இதுன்னு கேட்டேன். 'அது அப்பா, சித்தி'ன்னா. அவ்வளவுதான். மேல பேசல, உருளைக்கிழங்கு தோலை உரிச்சுக்கிட்டிருந்தா."

ரே நாற்காலியில் உட்கார்ந்தார். ஆயில் என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டார். கறுப்பாக இருந்தது என்றாள் டோரீன். அவருக்கு அவமானமாகப் போய்விட்டது. மகளின் வீட்டில் அழுக்கு ஆயிலையா கொட்டிக்கொண்டிருந்தோம் என்று அன்று மத்தியானமே இறக்கிவிட்டுப் புது ஆயில் ஊற்றினார். அன்றிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை என்பது போய், நிறம் மங்க ஆரம்பித்தாலே மாற்றிவிடுவது என்று ஆயிற்று. இருப்பதிலேயே உயர்ந்த ஆயிலாக வாங்கினார். ஒவ்வொரு தடவையும் பெரிலின் அலங்கார மேஜையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை எடுத்துப் போய் பழைய வளையத்தைத் தோண்டினார். குளிர்காலத்தில் கார்களை நிறுத்திப் போர்வை போர்த்திவிடுவார்கள். ரே கிறிஸ்துமஸ் காலையிலும் பனியில் நின்று இன்ஜினைக் கிளப்புவார், அன்றைக்கும் நாலு சொட்டு போய்ச் சேரட்டும் என்று. ஃபோன் பண்ணவில்லை. மகள் அவரிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான், அதையாவது செய்வோம் என்று நினைத்தார்.

ஜில்லியன் வாய்விட்டு எதுவும் சொன்னதில்லை, ஆனால் காலையில் கெட்டிலை அடுப்பில் வைக்குமுன் தட்டைப் பார்ப்பாள். தேன் நிறத்தில் விழுந்தால் அப்பா சர்வீஸ் முடித்துவிட்டார். சொட்டு குறைந்தால் அவருக்கு உடம்புக்கு முடியவில்லை, கார் ஓடவில்லை. ஒரு பிப்ரவரியில் ஒரு வாரம் ஒன்றிரண்டாகச் சுருங்கியபோது அவள் விருந்தாளிகளுக்குச் சூப்பில் உப்புப் போட மறந்தாள். கோபம் எப்போதோ வடிந்துவிட்டது. வடிந்த பிறகும் அதை எடுத்து வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த கோடையில் போகலாம், விடுதியில் கூட்டம் குறையட்டும் என்று தள்ளிப்போட்டாள். கோடைகள் வந்து போயின. பவுண்டு ஏறியது, இறங்கியது, ஜாம் தொழிற்சாலை மூடப்பட்டது, டோரீன் இறந்தாள். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே சொட்டுகளைத் தவிர வேறு எதுவும் மிஞ்சவில்லை.

இரண்டாயிரத்துப் பதினோராம் வருடம் ஜனவரியில், கராஜ் வாசலில் உறைந்த பனியில் ரே வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இடுப்பைச் சரிசெய்தார்கள், பிறகு நெஞ்சில் சளி கட்டியது. நல்ல மனம் படைத்தவர்கள் செய்கிற கெடுதல் என்று ஒன்று உண்டு, அதை அப்போது ட்ரெவர் செய்தார். நண்பன் திரும்பி வரும்போது சந்தோஷப்படட்டும் என்று கிளப்பில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு காரின் இன்ஜினையே வெளியே தூக்கினார். அந்தக் காலத்து இன்ஜின்களில் பின்பக்கம் தண்டு வெளியே வருகிற இடத்தில் முறையான அடைப்பு கிடையாது, ஆயில் போவது அந்த வழியாகத்தான். இப்போது அதற்கென்று ரப்பர் சீல் விற்கிறார்கள். அதை வாங்கிப் போட்டு, ஆயில் மாற்றி, இன்ஜினை உள்ளே இறக்கிவிட்டு, திராட்சைப் பையோடு வார்டுக்குப் போனார்.

"ரே, உன் பிரச்சினை தீந்துச்சு. பின்னாடி சீல் போட்டாச்சு. இனிமே ஒரு சொட்டு குறையாது."

ரே எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. "அடப்பாவி" என்றார். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். ட்ரெவர் நம்பாமல் இல்லை. பத்து இருபது வருடம் காய்ந்த தரையை டார்ச் அடித்துப் பார்த்தவர் அவர். திராட்சையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"இதுகூட நல்லதுக்குத்தான்யா. சொட்டு நின்னுட்டா அவ பயப்படுவா. பயந்தா ஓடி வருவா. நீ சும்மா படு. நான் எதையும் தொட மாட்டேன். வாரக் கடைசிக்குள்ள உன் பொண்ணு இந்த நாற்காலியில உக்காந்திருப்பா."

ரே அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளை அதில் உட்கார வைத்துப் பார்த்தார் என்றுதான் ட்ரெவர் பின்னால் சொன்னார். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் ஆசைப்பட்ட ஒரே விஷயம் அது, கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது.

"வேண்டாம்" என்றார் ரே. "அவ ஒரு தடவை வராத ஆளுக்காக வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. அந்த பயத்தை இன்னொரு தடவை குடுக்க மாட்டேன். போ. கழட்டு அதை."

"அப்ப ஃபோனாவது பண்றேன்."

"அது கூடாது. பண்ணாதேன்னு சொல்லியிருக்கா. நீ கழட்டு."

இன்ஜினை ஒருமுறை இறக்குவதே முதுகொடிக்கும் வேலை. அந்த மூன்று பேரும் தங்கள் கடையையும் தூக்கத்தையும் விட்டுவிட்டு மறுபடி தூக்கி, சீலைப் பிடுங்கி எறிந்து, மறுபடி உள்ளே வைத்தார்கள். ஃபில்டரைக் கழற்றியபோது ட்ரெவருக்கு வளையம் நினைவு வந்தது, ரே சொல்லி அனுப்பியபடி மாடியில் போய்க் கொண்டை ஊசி எடுத்து வந்தார். புது ஆயில் ஊற்றி, இன்ஜினைக் கிளப்பி, காய்ந்த தரையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். அளவுகோலில் மயிரிழை குறைந்தது. ட்ரெவர் ஆஸ்பத்திரிக்கு வண்டியை ஓட்டினார்.

அதே நேரம் விட்பியில் ஜில்லியன் கோட்டுப் போட்டுக்கொண்டு சமையலறையில் நின்றாள். தட்டு காய்ந்து பல நாள் ஆகியிருந்தது. முதலில், காரை விற்றுவிட்டாரோ என்று கோபப்பட்டாள். பிறகு கோபப்பட முடியவில்லை. அன்று காலையில் விருந்தாளிகளை வேறு விடுதிக்கு அனுப்பிவிட்டாள், பையில் இரண்டு நாள் துணி, கையில் கார் சாவி. விளக்கை அணைக்கப் போனபோது தட்டில் டப் என்றது. குனிந்து பார்த்தாள். ஒரு சொட்டு. தேன் நிறம், துளி அழுக்கில்லை. நின்று பார்த்தாள், இன்னொன்று விழுந்தது. "கிழவருக்கு ஒண்ணும் ஆகல. காருக்கு அடியிலதான் படுத்திருக்கார்" என்று உரக்கச் சொன்னாள். சிரித்தாள், கொஞ்சம் அழுதாள், கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். ஈஸ்டருக்குப் போகலாம் என்று முடிவு செய்துகொண்டு கெட்டிலை வைத்தாள்.

ட்ரெவர் வார்டுக்குள் வந்தபோது ரேவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஆனால் நினைவு இருந்தது. போய்ச் சேர்ந்ததா என்று கண்ணாலேயே கேட்டார். போய்ச் சேர்ந்தது என்றார் ட்ரெவர். "என்ன நிறம்?" என்றார் ரே. தேன் மாதிரி என்றார் ட்ரெவர். அது போதும் என்பது போல ரே தலையை அசைத்தார். தேநீர் வண்டி வந்தபோது அவர் இல்லை. நாற்காலியில் காய்கறிக் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

செத்தாலும் பண்ணாதே என்று சொல்லப்பட்ட ஃபோனை ட்ரெவர்தான் பண்ணினார். ஜில்லியனுக்கு அவர் யாரென்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு அவள் மிகப் பொறுமையாக, தப்பான வீட்டுக்குப் பேசிவிட்டவரிடம் சொல்வது போல, "இல்லீங்க, நீங்க வேற யாரையோ சொல்றீங்க. இதோ, இப்பக்கூட ஆயில் விழுதே" என்றாள். ட்ரெவருக்கு நடந்ததைச் சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார், நாற்காலியையும் சொன்னார். தட்டில் சொட்டு விழும் சத்தம் மட்டும் ஃபோனில் கேட்டது என்று அவர் இன்றைக்கும் சொல்கிறார், சொல்லும்போது பியர்க் கோப்பையைக் கீழே வைத்துவிடுகிறார்.

எங்கள் ஊர் தேவாலயத்தின் பின்னால், பெரிலோடு சேர்த்து ரேயை அடக்கம் செய்தோம். ஜில்லியன் வந்தாள். அவளை யாரும் குறை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வந்தவர்கள் சாப்பிட்டுப் போனதும் தட்டுகளைக் கழுவி அடுக்கிவிட்டு கராஜுக்குப் போனாள். ட்ரெவர் சாவியைக் கொடுத்து, வேண்டுமானால் நல்ல விலைக்கு விற்றுத் தருகிறேன் என்றார். "அந்த சீலை இன்னொரு தடவை போட மாட்டீங்களே?" என்று மட்டும் கேட்டாள் அவள். கூரையைத் திறந்து வைத்து, பிப்ரவரிக் குளிரில், விட்பி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனாள். அக்டோபரில் தானே அடியில் படுத்து ஆயிலை இறக்கினாள். குவளையைக் கழற்றியதும் அப்பாவைப் போலக் குரல் கொடுத்துக் கூப்பிட ஆள் இல்லாததால், தன் தலையிலிருந்து தானே ஊசியை உருவினாள்.

அவள் வீட்டுக் கூரையிலிருந்து இப்போது எதுவும் விழுவதில்லை. கார் அவள் வாசலில்தான் நிற்கிறது, அதற்கு அடியிலும் தரை காய்ந்திருக்கிறது. ஆயில் இங்கே பெர்ஷோரில் விழுகிறது, மேலே வானத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில், இரண்டு பெயர்களும் செதுக்கிய கல்லின் முன்னால். ஜில்லியன் விட்பியிலிருந்து அந்தத் தகரத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். புல் கருகக் கூடாது என்பதால் பாதிரியாரும் ஆட்சேபிக்கவில்லை. தேவாலயத்தில் பூ வைக்கிற மேவிஸ்தான் தட்டு நிறைந்தால் கொட்டிவிடுகிறாள். இலையுதிர் காலத்தில் ஒரு நாள் கறுப்பு போய்த் தேன் நிறம் விழ ஆரம்பிக்கும். அன்றைக்கு அவள் கல்லின் பக்கம் குனிந்து, "உங்க பொண்ணு சர்வீஸை முடிச்சிட்டா, ரே" என்று சொல்லி, தட்டைத் துடைத்து அதே இடத்தில் வைத்துவிட்டுப் பூ மாற்றப் போவாள்.